போத்தனூர் லேத்

சிஷ்யைக்கு வயது ஐம்பத்தெட்டு. குருவுக்கு முப்பத்தாறு.

சிஷ்யையின் பெயர் கருணாம்பிகை. கோயமுத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில், மோட்டாருக்குள் செம்புக் கம்பி சுற்றும் பிரிவில் வேலை பார்த்தவள். அந்தப் பிரிவில் எல்லோரும் பெண்கள். அடுத்த பிரிவில் இரும்பைக் கடைகிற லேத்துகள் ஓடின. அங்கே எல்லோரும் ஆண்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு கம்பிவலைத் தடுப்பு.

கம்பி சுற்றுவது பழகிவிட்டால் அதற்குக் கண் தேவையில்லை. விரல்களே எண்ணிக்கொள்ளும். அதனால் கருணாம்பிகையின் கண் வலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. இரும்புத் தண்டு சுழலும். உளி மெல்ல நெருங்கும். தொட்ட இடத்திலிருந்து இரும்புச் சீவல் நீல நிறத்தில் சுருள் சுருளாகக் கிளம்பும். துருவேறிக் கறுத்துக் கிடந்த தண்டு, உள்ளே இருக்கும் வேறொரு தண்டை அவள் கண் முன்னால் வெளியே காட்டும்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் தடுப்பைத் தாண்டிப் போய்த் தரையில் கிடந்த ஒரு சுருளை எடுத்தாள். அது இன்னும் ஆறியிருக்கவில்லை. விரல் கொப்பளித்துவிட்டது. அந்த விரலோடேயே மேஸ்திரியிடம் போய், தனக்கும் இந்த வேலையைச் சொல்லித் தர முடியுமா என்று கேட்டாள். அவர் நல்ல மனிதர். கேலி செய்யவில்லை. சேலை மாட்டிக்கொள்ளும் அம்மணி, வேண்டாம் என்றார். அவள் திரும்பி வந்து கம்பி சுற்றினாள். ஓய்வு பெறும் வரைக்கும் சுற்றினாள்.

அதன் பிறகு ஒரு தொழிற்பயிற்சி நிலையத்துக்குப் போய்க் கேட்டாள். இந்த வயதில் சேர்க்க விதி இல்லை என்று அலுவலகத்தில் சொன்னார்கள். லேத் பிரிவின் ஆசிரியை தாஹிரா ஏதோ கையெழுத்துக்காக அங்கே நின்றிருந்தாள். வெளியே வந்தவளைப் பின்தொடர்ந்து வந்து, கற்றுக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள் என்று விசாரித்தாள்.

“தெரியலீங்க. அது சுத்தறப்பத் தொடோணும்.”

“சுத்தறப்பத் தொடக் கூடாதுங்க்கா. அதுதான் முதல் பாடம்,” என்றாள் தாஹிரா. “சனிக்கிழமை மத்தியானம் வாங்க. பசங்க இருக்க மாட்டாங்க. பிரின்சிபால்கிட்ட நான் பேசிக்கறேன்.”

அன்று முதல் அவள் டீச்சர்.

கருணாம்பிகை வளையலைக் கழற்றி வைத்தாள். சுடிதார் தைத்துக்கொண்டாள். மேலே ஒரு காக்கிக் கோட்டு. இரண்டு வருடம் எந்தச் சனிக்கிழமையும் தவறவில்லை. தாஹிரா பாராட்டும் வழக்கம் இல்லாதவள். ஒரு வேலையை முடித்துக் கொண்டுபோய் நீட்டினால், அளந்து பார்த்தீர்களா என்று மட்டும் கேட்பாள். பார்த்தேன் என்றால், இன்னொரு தடவை பாருங்கள் என்பாள்.

ஒரு சனிக்கிழமை, வீட்டில் சொந்தமாக ஒரு லேத் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கருணாம்பிகை சொன்னாள். புதிதாக வாங்கக் கட்டாது. பழையதில் நல்லதாக, சின்னதாக, நுணுக்கமான வேலைக்கு ஆகிற மாதிரி. தாஹிரா, பார்க்கலாம் என்றாள்.

ஒண்டிப்புதூரில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டாய் இருந்தது. கணவர் குழந்தைவேலு பால் சொசைட்டியில் இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசாதவர். விஷயத்தைக் கேட்டதும் கொட்டாயில் நின்ற தன் ஸ்கூட்டரை வெளியே தள்ளி வேப்ப மரத்தடியில் நிறுத்தினார். பழைய சாக்குகளை அள்ளிப் போட்டுவிட்டுத் தரையைக் கூட்டினார்.

முதலில் கருணாம்பிகையும் தாஹிராவும் கணபதி பகுதியில் ஒரு வியாபாரியின் குடோனுக்குப் போனார்கள். அந்த லேத் உயரம் அதிகம் என்றாள் கருணாம்பிகை. அடுத்தது சிங்காநல்லூரில், மூடிய ஒரு பட்டறையில். பல்சக்கரத்தில் சத்தம் வருகிறது என்றாள். மூன்றாவது சூலூரில். கைப்பிடியைத் திருப்பினால் கொஞ்ச தூரம் சும்மா சுற்றிய பிறகுதான் உளி நகர்கிறது என்றாள். அவள் சொன்னதெல்லாம் உண்மைதான். ஒவ்வொரு முறையும் தாஹிரா கேட்டுக்கொண்டு, “சரிங்க்கா, போலாம்” என்றாள்.

போகும்போது கருணாம்பிகை பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடி வருவாள். திரும்பும்போது நிறையப் பேசுவாள். நிலக்கடலை வாங்குவாள். சிரிப்பாள்.

நான்காவது லேத் போத்தனூரில் இருந்தது. இந்த முறை குழந்தைவேலு மனைவியை ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு வந்தார்; தாஹிரா பஸ்ஸில் வந்து சேர்ந்தாள்.

அதன் சொந்தக்காரர் பெயர் ஞானாதிக்கம். கல்லூரிகளுக்கு மைக்ராஸ்கோப்பும் சர்வேக் கருவிகளும் பழுது பார்த்துக் கொடுத்தவர். மனைவி இறந்துவிட்டாள். ஓசூரில் மகனோடு போய் இருக்கப் போகிறார். அங்கே அடுக்குமாடியில் லேத்துக்கு இடம் கிடையாது. இதையெல்லாம் அவர் குழந்தைவேலுவிடம் சொன்னார். மோட்டாரின் சக்தி, எண்ணெய் மாற்றிய விவரம் எல்லாவற்றையும் அவரிடமே சொன்னார்.

“அதையக் கேளுங்க,” என்று குழந்தைவேலு மனைவியைக் காட்டினார். “நான் வண்டி ஓட்டிட்டு வந்தவன்.”

ஞானாதிக்கம் கருணாம்பிகையைப் பார்த்தார். பிறகு லேத்தின் மேலிருந்த துணியை எடுத்தார்.

ஜெர்மனியில் செய்தது. ஒரு ஆள் கையை விரித்த நீளம்கூட இல்லை. பச்சைப் பெயிண்ட் கைப்பிடிகளுக்குப் பக்கத்தில் மட்டும் தேய்ந்து இரும்பு தெரிந்தது. கருணாம்பிகை கிட்டே போய் நின்றாள். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் பார்த்தவை எல்லாம் பெரியவை, முரடானவை. அவள் நினைப்பில் மட்டும் வருடா வருடம் இளைத்து, அழகாகி, கடைசியில் வந்து நின்ற உருவம் இதுதான்.

சோதித்துப் பார்த்தார்கள். சுழலும் பாகத்தில், ஆட்டத்தைக் காட்டும் டயல் கேஜை வைத்தார்கள். முள் அசையவில்லை. பல்சக்கரம் முனகவில்லை. கைப்பிடியைத் தொட்டவுடன் உளி நகர்ந்தது. கருணாம்பிகை ஒரு தண்டை மாட்டி ஒரு சீராகச் சீவினாள். நிறுத்தி, மைக்ரோமீட்டரால் ஒரு முனையை அளந்தாள். மறுமுனையை அளந்தாள். திரும்பவும் அளந்தாள்.

“டீச்சர், தடிமன் ஒண்ணா இல்லீங்க. சக்குப் பக்கம் முப்பது மைக்ரான் ஜாஸ்தி.”

தலைமுடியில் பாதிகூட இல்லை அது. ஆனால் அந்த வேலையில் அது வித்தியாசம்தான். தண்டைக் கவ்விப் பிடிக்கும் சக்குக்குப் பக்கத்தில், உளி நகரும் தண்டவாளம் தேய்ந்திருந்தது.

“வேண்டாமுங்க டீச்சர்,” என்றாள் கருணாம்பிகை. அவள் குரல் லேசாகியிருந்தது.

இந்த முறை தாஹிரா, சரி போகலாம் என்று சொல்லவில்லை.

“எந்த எடத்துல தடிக்க ஆரம்பிக்குது?”

அது கருணாம்பிகைக்குத் தெரியாது. தாஹிரா மைக்ரோமீட்டரை அவளிடமே திருப்பிக் கொடுத்தாள். கருணாம்பிகை விரல் விரலாகத் தள்ளி வைத்து அளந்துகொண்டே போனாள். முக்கால் பங்கு தண்டு ஒரே அளவாக இருந்தது. ஒரு இடத்துக்குப் பிறகுதான் கூடியது. தாஹிரா அந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டாள்.

பிறகு ஞானாதிக்கத்திடம் அனுமதி கேட்டுக்கொண்டு அவளே லேத்தின் முன்னால் நின்றாள். மிக மெல்லிதாக ஒரு சீவல் ஓட்டினாள். உளி கோட்டைத் தொட்டதும் குறுக்குக் கைப்பிடியில் விரலை வைத்து, திருப்பினாளா இல்லையா என்று தெரியாத அளவுக்குத் திருப்பினாள். நிறுத்தி அளந்தாள். மறுபடி ஓட்டினாள். கடைசியில் உப்புத்தாளை மடித்து, தடித்த பக்கம் மட்டும் காட்டித் தேய்த்தாள். வெகுநேரம் ஆனது. தண்டைக் கழற்றித் துடைத்து நீட்டினாள். கருணாம்பிகை அளந்தாள். எல்லா இடத்திலும் ஒரே அளவு.

“ஒவ்வொரு தடவையும் இப்படிச் செய்யோணுங்களா?”

“ஆமாங்க.”

ஞானாதிக்கம் தண்டவாளத்தில் தேய்ந்த இடத்தைத் தடவிக் காட்டினார். அது தன்னால் தேய்ந்ததுதான் என்றார். சின்னச் சின்னத் திருகும் வளையமும் செய்கிற வேலை. எல்லாம் சக்குக்குப் பக்கத்திலேயே முடிந்துவிடும். அந்த நான்கு விரற்கடை இடத்திலேயே தன் காலம் போயிற்று என்றார். அதைச் சொல்லும்போது அவர் வெட்கப்படவில்லை.

தாஹிரா கையைத் துடைத்துக்கொண்டு கருணாம்பிகையைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனாள்.

“அக்கா, நீங்க மிஷின் வாங்க வர்றீங்களா, வேண்டாம்னு சொல்றதுக்கு வர்றீங்களா?”

கருணாம்பிகை உள்ளே போய் ஞானாதிக்கத்திடம், எடுத்துக்கொள்கிறேன் என்றாள். விலையைக் குழந்தைவேலு பேசி முடித்தார்.

கிளம்பும்போது ஞானாதிக்கம் ஒன்றே ஒன்று கேட்டார். வீட்டில் வைத்துக் கருணாம்பிகை முதலில் ஓட்டும்போது தனக்கு ஒரு போன் போட வேண்டும். பேச ஒன்றும் இல்லை. போனை லேத்துக்குப் பக்கத்தில் வைத்தால் போதும்.

டெம்போவில் லேத் வந்தது. நான்கு பேர் சேர்ந்து கொட்டாய்க்குள் இறக்கினார்கள். ரசமட்டம் வைத்து, காலுக்கடியில் தகடு கொடுத்து, ஆடாமல் நிறுத்தினார்கள். அந்த வாரமே மின்சாரக்காரர் வந்து இணைப்பும் கொடுத்துவிட்டார்.

கருணாம்பிகை அதை ஓட்டவில்லை.

காலையில் எழுந்ததும் கொட்டாய்க்குப் போவாள். போர்த்தியிருக்கும் பழைய படுக்கை விரிப்பை எடுப்பாள். எண்ணெய் விடுவாள். தேய்ந்த இடத்தை விரலால் தடவிப் பார்ப்பாள். சக்கைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றுவாள். அது ஓசையில்லாமல் சுற்றி நிற்கும். மறுபடி போர்த்திவிட்டு வருவாள். இன்றைக்கு ஓட்டிவிட வேண்டும் என்று நினைத்துச் சுவிட்ச் வரை கை போகும். அடுப்பில் பால் இருக்கிறது என்று ஞாபகம் வரும். இல்லையென்றால் வேறொன்று ஞாபகம் வரும்.

குழந்தைவேலு எதுவும் கேட்கவில்லை. அவர் ஸ்கூட்டர் மழையில் நனைந்துகொண்டு நின்றது. அவர் ஏதாவது கேட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஒருநாள் ஓசூரிலிருந்து ஞானாதிக்கம் பேசினார். மகன் வீட்டு நலம் சொன்னார். இங்கே எல்லோரும் நலமா என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, ஓட்டிப் பார்த்தீர்களா என்று கேட்டார்.

“இன்னும் கரண்ட் லைன் வரலீங்க,” என்றாள் கருணாம்பிகை.

அதனால் என்ன, மெதுவாக வரட்டும், தனக்கு அவசரம் இல்லை என்றார் அவர். போனை வைத்த பிறகு அவள் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை வகுப்புக்குப் போகவில்லை. அடுத்த சனிக்கிழமையும் போகவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் தாஹிராவே வந்துவிட்டாள்.

உடம்புக்கு ஏதும் இல்லையே என்று விசாரித்தாள். பிறகு கொட்டாய்க்குப் போனார்கள். கருணாம்பிகை விரிப்பை எடுத்தாள். தாஹிரா லேத்தைச் சுற்றி வந்து பார்த்தாள். எண்ணெய் சரியாக இருந்தது. நின்ற மட்டம் சரியாக இருந்தது. லேத்துக்கு அடியில் இருந்த தட்டைக் குனிந்து பார்த்தாள். அதில் ஒரு பிசிறுகூட இல்லை. சுவரில் ஆணியில் மாட்டியிருந்த காக்கிக் கோட்டில் இஸ்திரி மடிப்பு அப்படியே இருந்தது.

ஏன் ஓட்டவில்லை என்று அவள் கேட்கவில்லை.

“நான் கொஞ்ச நேரம் ஓட்டட்டுங்களா?” என்று கேட்டாள்.

கருணாம்பிகை தலையசைத்தாள். தாஹிரா அந்தக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். தலையில் போட்டிருந்த துணியின் நுனியைக் கோட்டுக்குள் செருகினாள். கடிகாரத்தைக் கழற்றி ஜன்னலில் வைத்தாள். மூலையில் கிடந்த ஒரு தண்டை எடுத்து மாட்டிச் சுவிட்சைப் போட்டாள்.

லேத் ஓடியது. சத்தம் என்று சொல்ல முடியாது. கொட்டாய்க்குள் ஒரு மூச்சு புதிதாக வந்து சேர்ந்தது போல இருந்தது.

தாஹிரா எந்தப் பொருளும் செய்யவில்லை. சீவினாள். ஒரு பள்ளம் எடுத்தாள். பள்ளத்தை ஒட்டி ஒரு வளைவு. வளைவுக்குப் பக்கத்தில் இன்னொரு வளைவு. பிறகு எல்லாவற்றையும் சீவி எடுத்துவிட்டு மறுபடி தொடங்கினாள். தண்டு மெலிந்துகொண்டே போயிற்று. சுருள்கள் தட்டில் குவிந்தன. குழந்தைவேலு கொண்டுவந்து வைத்த டீயில் ஏடு படிந்தது. தாஹிராவின் போன் அடித்தது. எட்டிப் பார்த்தாள், எடுக்கவில்லை.

கருணாம்பிகை ஸ்டூலில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயிற்சி நிலையத்தில் லேத் முன்னால் தாஹிரா நிற்பதை அவள் பலமுறை பார்த்திருக்கிறாள். அங்கே கை இயந்திரத்தில் இருந்தாலும் காது வேறெங்காவது இருக்கும். பாதியில் நிறுத்திவிட்டு யாருக்காவது எதையாவது காட்டப் போவாள். இங்கே அவளைப் பார்த்தால், பந்தி முழுக்கப் பரிமாறிவிட்டுக் கடைசியில் இலை போட்டு உட்கார்ந்தவள் சாப்பிடுவது போல இருந்தது.

வெயில் கூரை ஓரத்துக்குப் போய்விட்டது.

“டீச்சர்,” என்றாள் கருணாம்பிகை.

தாஹிரா லேத்தை நிறுத்தினாள்.

“கம்பி சுத்துன காலம் பூரா இதுதான் எனக்குத் துணைங்க. மாமியார் படுத்த படுக்கையாக் கெடந்தப்பவும், வயித்துல தரிச்சது தங்காமப் போனப்பவும், இதைத்தான் நெனச்சுக்குவேன். என்னிக்காவது ஒரு நாள்னு. இப்ப அந்த ஒரு நாள் கொட்டாய்க்குள்ள வந்து நிக்குது. சுவிட்சைப் போட்டா வெறும் மிஷின் ஆயிருமோன்னு இருக்குதுங்க. அந்த ஆசையும் போயிட்டா, அப்புறம் எங்கிட்ட என்னங்க இருக்குது?”

தாஹிரா வேஸ்ட் துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

“உங்க வீட்டுக்கு மிஷின் வந்தன்னிக்கு உங்களுக்கு எப்படிங்க இருந்துச்சு?” என்று கேட்டாள் கருணாம்பிகை.

“எங்க வீட்ல மிஷின் இல்லீங்க்கா.”

இரண்டு வருடத்தில் கருணாம்பிகை இதைக் கேட்டதே இல்லை. இருக்கும் என்றே நினைத்திருந்தாள்.

தாஹிரா சுருக்கமாகச் சொன்னாள். கரும்புக்கடைப் பகுதியில் வாடகை வீடு. மூன்றாவது மாடி. இரண்டு அறை. மாமியார் இருக்கிறார், இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். மிக்ஸி போட்டாலே கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார். பயிற்சி நிலையத்தில் இருக்கும் லேத்துகள் பிள்ளைகள் கற்றுக்கொள்வதற்கு. எப்போதாவது ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தனியாகக் கிளம்பி, பழைய இயந்திரங்கள் விற்கிற குடோன்களுக்குப் போவதுண்டு. விலை கேட்பாள். சோதித்துப் பார்ப்பாள். வீட்டில் பேசிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்புவாள். கணபதியிலும் சூலூரிலும் கருணாம்பிகைக்காகப் பார்த்தபோதுகூட, அதைத் தன் வீட்டில் எந்தச் சுவரோரம் வைக்கலாம் என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருந்தது.

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அளவு சொல்கிற மாதிரி சொன்னாள்.

கருணாம்பிகை அவளைப் பார்த்தாள். பிறகு தட்டில் குவிந்திருந்த சுருள்களைப் பார்த்தாள்.

“படிச்ச காலத்துல இருந்து தெனமும் லேத்துப் பக்கத்துலயே நிக்கறீங்க. கை படாத நாளே இல்லை. இன்னுமா டீச்சர் ஆசை அடங்கலை?”

தாஹிரா பிரஷ்ஷை எடுத்துத் தண்டவாளத்தில் இருந்த பிசிறுகளைத் தள்ளினாள். மெலிந்துபோன தண்டைக் கழற்றிக் கீழே வைத்தாள். மூலையிலிருந்து துருப்பிடித்த வேறொரு தண்டை எடுத்து மாட்டிச் சக்கை இறுக்கினாள். இறுக்கிய சாவியை எடுத்து ஓரமாக வைத்தாள். கோட்டைக் கழற்றிக் கருணாம்பிகையிடம் நீட்டினாள். இரண்டடி தள்ளி நின்றாள்.

“வீட்லயே ஒண்ணு இருந்து, மனசு போல ஓட்டுனா அடங்குமா அடங்காதான்னு எனக்கும் தெரியலீங்க்கா,” என்றாள். “நீங்க ஓட்டிப் பாத்துட்டு எனக்குச் சொல்லுங்க.”